ரோமானியங்க கும்பிட்ட சாமிகளை நேர்ல போய் பார்த்தவங்க இருக்கீங்களா?

நானே ஆரம்பிச்சு வைக்கிறேன். இங்கிலாந்துல பாத்னு ஒரு ஊரு, ரோமானியர் காலத்துக் குளியல் கூடம் இருக்கு, 46 டிகிரில வெந்நீர் ஊத்து, ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல இன்னைக்கும் பொங்கிட்டே இருக்கு. அந்த ஊத்துல குடியிருந்தது சூலிஸ்ங்கிற உள்ளூர் அம்மன். ரோமானியங்க வந்து அவளை விரட்டல, எங்க மினெர்வா தேவியும் இவளும் ஒண்ணுதான்னு சூலிஸ் மினெர்வானு சேர்த்துக் கும்பிட்டுட்டாங்க. தங்க முலாம் பூசின அவ தலை அங்கதான் இருக்கு, 1727ல சாக்கடைக்குத் தோண்டும்போது கிடைச்சுது.

மேட்டர் அது இல்ல. நான் போனதுக்கு முந்தின வாரம் ஆபீஸ் ஃப்ரிட்ஜ்ல வச்ச என் லஞ்சை டப்பாவோட யாரோ சுட்டுட்டாங்க, அந்தக் கடுப்புலயேதான் சுத்திட்டிருந்தேன். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள சின்னச் சின்ன ஈயத் தகடு, மேல பொடி எழுத்துல கீறல். 1979-80ல ஊத்துக்குள்ள தோண்டினப்ப கிட்டத்தட்ட 130 எடுத்திருக்காங்க, முக்கால்வாசி அம்மன்கிட்ட குடுத்த பிராது. பெரிய விஷயத்துக்கெல்லாம் இல்லீங்க, மேலங்கி காணோம், இரும்புச் சட்டி காணோம், கலப்பைக் கொழு காணோம்! டோசிமெடிஸ்னு ஒருத்தன் ரெண்டு கையுறையைப் பறிகொடுத்துட்டு, எடுத்தவனுக்குப் புத்தியும் போகணும் கண்ணும் போகணும்னு எழுதிப் போட்டிருக்கான். சாமி கண்ணைக் குத்தும்னு சின்ன வயசுல மிரட்டுவாங்கள்ல, அதேதான், இவன் மனுவாவே குடுத்துட்டான். திருடன் யாருன்னு தெரியாததால ஆணோ பொண்ணோ, அடிமையோ அடிமை இல்லாதவனோன்னு வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு ஓட்டை விடாம எழுதுறாங்க, ஆறு வெள்ளிக்காசு பறிகொடுத்த அன்னியானுஸ் அதுல கிறிஸ்தவனோ இல்லையோன்னும் சேர்த்துட்டு, கூடவே ஒரு பேர் லிஸ்ட்டும் போட்டிருக்கார். எழுதினதும் சுருட்டித் தண்ணிக்குள்ள போட்டுட வேண்டியது, படிக்க வேண்டியவ அம்மன் ஒருத்திதானே. எழுத்து தெரியாத யாரோ எழுத்து மாதிரியே கோடு கோடா கிறுக்கிப் போட்டதும் கிடைச்சிருக்கு, அதை நினைச்சாதான் எனக்கு என்னவோ பண்ணுச்சு.

*

அக்கா செம. நான் பார்த்தது இத்தாலில பாம்பேய்ல, கி.பி. 79ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சுப் புதைஞ்ச ஊரு. அங்க வெட்டி வீடுன்னே ஒண்ணு இருக்கு (சிரிக்காதீங்க, குடும்பப் பேரே அதுதான், ஆளுங்க அடிமையா இருந்து விடுதலையாகி நல்லா காசு பார்த்தவங்களாம்), ரொம்ப வருஷம் வேலை நடந்து 2023ல திறந்தாங்க. கூட்டமெல்லாம் பெரிய ஓவிய ரூமுக்கு ஓடுது, நான் சமையக்கட்டுப் பக்கம் ஒதுங்கினா சுவத்துல கோயில் மாதிரியே ஒரு சாமி மாடம், லராரியம்னு பேரு. நடுவுல மேலாடையைத் தலைக்கு முக்காடா இழுத்துவிட்டு ஒருத்தர், அது வீட்டுத் தலைவரோட ஜீனியஸ், அதாவது அவர் கூடவே பிறந்த காவல் சக்தி. ரெண்டு பக்கமும் கையில கொம்புக் குவளையோட ஆடிக்கிட்டு லாரெஸ்ங்கிற வீட்டுச் சாமிங்க, கீழ பெரிய பாம்பு ஒண்ணு படையலைப் பார்த்து நெளிஞ்சு வருது. ஜூபிடர், மார்ஸ் மாதிரி பெரிய சாமிங்களுக்கு அரசாங்கமே பூசாரி வச்சிருந்துச்சு, இந்த மாடத்துக்கு வீட்டுக்காரர்தான் பூசாரி, சாப்பாட்டுல ஒரு பங்கு, கொஞ்சம் சாம்பிராணி, மாலை, முடிஞ்சுது. அந்த முக்காடு எதுக்குன்னா, கும்பிடும்போது அபசகுனம் எதுவும் கண்ணுல காதுல பட்டுடக் கூடாதாம்.

*

என்னோடது சின்னது. ரோம்ல ஃபோரம்ங்கிற பழைய ஊர்ச் சதுக்கத்துல, வெஸ்டாங்கிற அடுப்பு நெருப்பு அம்மனோட கோயில் பூசாரிப் பொண்ணுங்க இருந்த வீட்டு முற்றம். ஆறு பேர், சின்னப் பிள்ளையா வந்தா 30 வருஷம் கல்யாணம் கிடையாது, அணையா நெருப்பைக் காவல் காக்கணும், அணைஞ்சா சாட்டையடி. அங்க ஒரு சிலைப் பீடம், கி.பி. 364ல ஒரு தலைமைப் பூசாரியம்மாவைப் புகழ்ந்து எழுதிட்டு அப்புறம் பேரை மட்டும் கொத்தி எடுத்திருக்காங்க, முதல் எழுத்து ஒண்ணுதான் மிச்சம். கிறிஸ்தவத்துக்கு மாறிட்டாங்கன்னு கோவம்னு சொல்றாங்க. கொடுமை என்னன்னா, 30 வருஷம் கழிச்சு அந்த நெருப்பையே அணைச்சாச்சு.

*

எல்லாருக்கும் நன்றி. இன்பாக்ஸ்ல கேட்டவங்களுக்கு: இல்லங்க, டப்பா திரும்ப வரல, புதுசு வாங்கிட்டேன்.