மேலவிளை குடும்பம்: ஞாயித்துக்கிழமை கவடியார் விஷயம்

அருண்: எல்லாரும் இருக்கியளா? ஒரு அவசரம். பெண்ணுக்க அப்பா கூப்பிட்டாரு. நிச்சயம் நவம்பர் 1 வச்சுக்கலாமாம். அதுக்கு முன்ன இந்த ஞாயிறு காலைல ஆறரைக்கு திருவனந்தபுரம் கவடியார்ல உள்ள கோல்ஃப் கிளப்புக்கு என்னைய விளையாட வரச் சொல்லுகாரு

விபின்: லேய் நீ பிடிச்ச ஒரே மட்டை தென்னமட்டை தானல

சுஜி: உனக்கு கோல்ஃப் தெரியும்னு அவருகிட்ட யாரு சொன்னது

அருண்: பெரியப்பா

பெரியப்பா தக்கலை: பய எல்லா விளையாட்டும் விளையாடுவான்னு சொன்னேன். அதுல என்ன தப்பு

லதா அத்தை: 1ம் தேதின்னா நம்ம குமரி மாவட்டத்துக்கு லீவு. நல்லதாப் போச்சு. நேரம் பாத்தாச்சா?

மணி சித்தப்பா: அருண் மக்கா வெப்ராளப்படாத. நான் சொல்லுகேன், ஓர்மை வச்சுக்கோ. கவடியார்ல ஒன்பது குழிதான். முழு ஆட்டமா பதினெட்டு ஆடணும்னா அதையே ரெண்டு சுத்து. ஒவ்வொரு குழிக்கும் பார்னு ஒரு கணக்கு உண்டு, மூணு நாலு இல்லன்னா அஞ்சு. கைதேர்ந்தவன் அத்தன அடில பந்த குழில போட்டிருவான். பார் 3னா முதல் அடிலயே கிரீன்ல, அதாவது குழியச் சுத்தி ஒட்ட வெட்டின புல்லுல ஏறணும், மிச்சம் ரெண்டு அடி உருட்டுகதுக்கு. உனக்கு அது நடக்காது. நீ ஒவ்வொரு குழிக்கும் ரெண்டு கூட்டிக்கோ. பார் 4 குழிய ஆறுல முடிச்சா அதுக்கு டபுள் போகின்னு பேரு. முதல் தடவைக்கு அது தாராளம்.

விபின்: கோலிக்குண்டு தானே சித்தப்பா, குழி மட்டும் கூடுதல்

மணி சித்தப்பா: கோலிக்குண்டுலயே அழிச்சாட்டியம் பண்ணினவன் நீ. பேசாம இரி

பெரியப்பா தக்கலை: அந்த கிரவுண்டு ராஜா காலத்துலயே உள்ளதாக்கும். 1956 வரைக்கும் நமக்கும் திருவனந்தபுரம்தானே தலைநகரம்

ராஜி மைனி: 1ம் தேதிக்கு வேன் சொல்லியாச்சா? போன கல்யாணத்துக்கு எனக்க வீட்டு ஆளுங்கள விட்டுட்டுப் போனது போல ஆகப்பிடாது

லதா அத்தை: அத இப்ப எடுக்காண்டாம் ராஜி

ராஜி மைனி: நான் பொதுவாச் சொன்னேன்

மணி சித்தப்பா: முதல் அடி அடிக்க டீல நிக்கும்போ டிரைவர்னு உள்ள பெரிய மட்டைய எடுக்காத. எல்லாருக்கும் அதுமேலதான் ஆசை. பந்து வலத்தால வளஞ்சு மரத்துக்குள்ள போவும். 7 நம்பர் அயன் மட்டைய எடு, பாதி வீச்சு போதும். அடிச்சு முடியுத வரைக்கும் பந்து இருந்த இடத்தையே பாரு. தலையத் தூக்கினா பந்துக்க மண்டைல பட்டு தரையோட ஓடும்

அருண்: சித்தப்பா நான் இடங்கையன்

மணி சித்தப்பா: அப்ப இடத்தால வளையும்

சுஜி: அது இல்ல சித்தப்பா, இடது கைக்கு மட்டை வேறதானே. அங்க வாடகைக்கு கிடைக்குமா?

மணி சித்தப்பா: அது கேக்கணும்

பெரியப்பா தக்கலை: நான் வேணும்னா சம்பந்திகிட்ட கேக்கேன்

சுஜி: வேண்டாம்

அருண்: வேண்டாம் பெரியப்பா

லதா அத்தை: போகும்போ கை வீசிட்டுப் போகாத. மட்டிக்குலை ஒண்ணு கொண்டு போ. முந்திரிக்கொத்து நான் சுட்டுத் தாரேன்

பெரியப்பா தக்கலை: மட்டி கொள்ளாம். 2023ல புவிசார் குறியீடு கிடைச்ச பழமாக்கும்

விபின்: மட்டைக்குப் பதிலா மட்டி

மணி சித்தப்பா: பங்கர், அதான் மணல் குழி விஷயம் கேளு, அதுதான் எனக்க தொழிலு. குவைத்துல நான் பாத்த கிரவுண்டுல புல்லே கிடையாது, முழுக்க மணல். கிரீனுக்குப் பதிலா மணல்ல எண்ணெய் ஊத்தி உருளை போட்டு வச்சிருப்போம், அதுக்கு பிரவுன்னு பேரு. விளையாடுகவன் செயற்கைப் புல்லு ஒரு துண்டு கக்கத்துல வச்சுட்டே நடப்பான். ஒவ்வொரு அடிக்கும் அத கீழ போட்டு மேல பந்த வச்சு அடிப்பான். அவன் போன பிறகு சவுட்டின தடத்த எல்லாம் இழுத்து மட்டமாக்குகது என் வேல. அதனால சொல்லுகேன், பங்கர்ல விழுந்தா அடிக்க முன்ன பந்துக்குப் பின்னால மட்டைய மணல்ல ஊனாத, ரெண்டு அடி தண்டம். பந்த நேரா அடிக்காண்டாம். ரெண்டு இஞ்சு பின்னால மணல வெட்டு, மணலே பந்த தூக்கி வெளிய போடும். ஏறி வரும்போ மணல் இழுக்குத ரேக்க எடுத்து உனக்க கால்தடத்த நீயே அழி. மாமனாரு அதத்தான் பாப்பாரு.

சுஜி: சித்தப்பா இவ்வளவு நீளமா அனுப்பினா யாரு படிப்பா

அருண்: நான் படிக்கேன்

மணி சித்தப்பா: இன்னும் கிரீன் இருக்கு. இப்ப துலாமழை. ராத்திரி பெஞ்சிருந்தா காலைல கிரீன் வெள்ளம் குடிச்சுக் கிடக்கும், பந்து ஓடாது. கொஞ்சம் பலமா உருட்டணும். வெயில் ஏறினா அதே பலத்துக்கு குழியத் தாண்டிப் போயிரும். பெர்முடா புல்லா இருந்தா அது எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாரு. பந்துக்குப் பின்னால குனிஞ்சு பாத்தா பளபளன்னு தெரிஞ்சா குழிப்பக்கம் சாஞ்சிருக்கு, வேகமா ஓடும். கறுத்துத் தெரிஞ்சா எதிர்ப்புல்லு. குழி நாலேகால் இஞ்சுதான். தூரத்துல இருந்து உள்ள போடணும்னு நினைக்காத, பக்கத்துல கொண்டு நிறுத்து. குழில நிக்குத கொடிய எடுக்கணும்னு இல்ல, 2019ல இருந்து அது நின்னாலும் தண்டம் கிடையாது. இடி கேட்டா விட்டுட்டு கெட்டிடத்துக்குள்ள ஓடு, மரத்துக்குக் கீழ நிக்காத

பெரியப்பா தக்கலை: எல்லாம் செரி. கடைசில மாமனாருக்கு தோத்துக் குடுத்திரு. அதான் மரியாத

விபின்: அவன் மெனக்கெட்டு தோக்காண்டாம் பெரியப்பா

மணி சித்தப்பா: அண்ணே அப்பிடி ஆடப்பிடாது. இதுல அவருக்க அடிய இவன் எழுதணும், இவனுக்க அடிய அவரு எழுதுவாரு, கடைசில ரெண்டு பேரும் ஒப்பு போடணும். காட்டுக்குள்ள காலால தள்ளினதெல்லாம் அவருக்குத் தெரியாம இருக்காது. பந்து காணலன்னா மூணு நிமிஷம் தேடு. அதுக்கு மேல தேடாத. ஒரு அடி கூட்டி, முன்ன அடிச்ச இடத்துக்கே போய் வேற பந்து போடு

ராஜி மைனி: கணக்க அடுத்தவங்க எழுதுகது நல்ல ஏற்பாடு. அம்மாச்சிக்க அடியந்திரச் செலவையும் அப்பிடி எழுதியிருக்கலாம்

பெரியப்பா தக்கலை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

லதா அத்தை: பெரியண்ணன் என்ன போட்டிய? படிக்க முன்ன போச்சு

விபின்: நான் படிச்சேன்

சுஜி: விபின் வாய மூடு. அருண் என்ன போடப்போற? ஜீன்ஸ் போடாத, காலர் வச்ச டீ சர்ட்டு வேணும்

அருண்: காலர் உள்ளது எலெக்‌ஷனுக்கு குடுத்தது ஒண்ணுதான் இருக்கு

சுஜி: கடவுளே. நாளைக்கு நாகர்கோவில் வா, எடுப்போம்

மணி சித்தப்பா: மக்கா, பிடிய எப்பிடிப் பிடிக்கணும்னு வாய்ஸ்ல சொல்லியிருக்கேன். 11 நிமிஷம். பொறுமையா கேளு

அருண்: செரி சித்தப்பா

விபின்: வலது கைக்கு சொன்னதா இடது கைக்கா

மணி சித்தப்பா: வலது. அவன் திருப்பிப் போட்டுக்கணும்

ராஜி மைனி: வேன் 17 சீட்டா 26 சீட்டா? யாராவது ஒருத்தரு சொல்லுங்கோ

பெரியப்பா தக்கலை: ஞாயித்துக்கிழமை கழியட்டு