குரூப் லெப் ரிப்போட்ல வரைபை ஒரு ஆள் மட்டும் கீறுறது சரியா?

நானுஓயா புள்ள:
கணக்கு கோர்ஸுக்கு குரூப்பா ரிப்போட் செய்றவங்க எல்லாரும் இத கொஞ்சம் யோசிங்க. போன கிழமை, சூடான பொருள் எப்படி ஆறுதுன்னு சொல்ற நியூற்றனின் குளிரல் விதிக்காக நுவரெலியாவுல தேத்தண்ணி ஆறுறத அளந்தோம். நாலு பேரு வெப்பமானிய பாத்துக்கிட்டே நின்னோம், அஞ்சாவது ஆளு காய்ச்சல்னு வரல்ல, ஆனா லெப்டொப் அவர்கிட்ட மட்டும்தான் இருக்கு, அதனால வரைபு முழுக்க அவர் தலையில விழுந்துச்சு. கொதிக்கிற தண்ணிய ஊத்தின உடனே தொடங்கினதால முதல் வாசிப்பு கொதிநிலை, அது 94 டிகிரி கிட்ட. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்துல இருக்கு, வளியமுக்கம் குறைவு, அங்க தண்ணி அவ்வளவுலயே கொதிச்சிரும். அவரு நாங்க பிழையா எழுதிட்டோம்னு நெனச்சு, நல்ல மனசோட தான், 100னு திருத்திட்டாரு. குடுக்கிறதுக்கு முந்தின ராத்திரி பாத்தா முதல் புள்ளி மட்டும் வளையிய விட்டு மேல தனியா நிக்குது. அதனால சொல்றேன், அஞ்சு பேரும் ஒரு தடவையாவது கிராப் தாள்ல கையால கீறணும், எக்செல் எல்லாம் அதுக்கு பிறகு.

ஹட்டன்காரன்:
தங்கச்சி, நடந்தது கவலதான், ஆனா அதுக்கு மருந்து இதில்ல. எங்க குரூப்ல ரெண்டு பேரு தோட்டத்துக்கு கடைசி பஸ் புடிக்கணும், மழை நேரம் ரோட்டுல மண் சரிஞ்சா அதுவும் இல்ல, ஒக்காந்து அஞ்சு பேரும் ஒரே வரைப அஞ்சு தடவ கீறுறதுக்கு எங்க நேரம் இருக்கு? ஒருத்தர் கணிப்பு, ஒருத்தர் வரைபு, ஒருத்தர் எழுத்துன்னு பிரிச்சாதான் வேலை முடியும். உங்க குரூப்ல பிழை வந்தது வாசிப்ப கேக்காம மாத்தினதால. ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டு கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

நானுஓயா புள்ள:
கேக்கணும்னு தோணினாத்தானே அண்ணே கேப்பாரு? 100 தான் சரின்னு அவருக்கு சந்தேகமே இல்ல. ஆறு புள்ளிய குறிக்க இருவது நிமிசம் போதும், வீட்டுல குப்பி வெளக்கு வச்சிக்கிட்டு கூட கீறி போட்டோ அனுப்பலாம்.

பதுளை பொடியன்:
நான் புள்ள பக்கம். எங்க குரூப்ல 0, 2, 5, 10, 20, 40 நிமிசத்துல வாசிப்பு எடுத்தோம். வரைபு செஞ்சவரு எக்செல்ல லைன் சார்ட்ட போட்டுட்டாரு, ஸ்கேட்டர போடல்ல. லைன் சார்ட் நேரத்த எண்ணா எடுக்காது, பேர் மாதிரி வரிசையா சம இடைவெளில வைக்கும். 0க்கும் 2க்கும் நடுவுல இருக்கிற அதே தூரம்தான் 20க்கும் 40க்கும். வளையி வடிவமே மாறிப்போச்சு, படித்திறனும் பிழை, ஆனா பாக்க அழகா இருந்ததால நாலு பேரும் கையெழுத்து வச்சோம். கையால ஒரு தடவ கீறியிருந்தா 20க்கு பிறகு தாள் எவ்வளவு நீளுதுன்னு வெரலே சொல்லியிருக்கும்.

ஹட்டன்காரன்:
அது எக்செல் தெரியாததால வந்த பிழை, பழகிக்கிட்டா வராது. கையால கீறினாலும் ஒரு பெட்டிக்கு 3 டிகிரின்னு அளவுத்திட்டம் எடுத்து புள்ளிய தப்பா வைக்கிறவங்க எத்தன பேரு. ஒரு சென்ரிமீட்டருக்கு 5, 10ன்னு எடுக்காம நானே ஏஎல்ல மாட்டியிருக்கேன்.

கொட்டகலை அக்கா:
ரெண்டு பேரும் வளையிய பத்தியே பேசுறீங்க. எக்செல் புள்ளிகளுக்கு பொருத்துற எக்ஸ்பொனென்ஷியல் கோடு பூச்சியத்த நோக்கித்தான் எறங்கும், ஆனா தேத்தண்ணி அறை வெப்பநிலையோட நின்னுரும். அறை வெப்பநிலைய கழிச்சிட்டு, மிச்சத்தோட இயற்கை மடக்கைய நேரத்துக்கு எதிரா போடுங்க. நேர்கோடு வரும், படித்திறன் மைனஸ் கே, கேங்கிறது எவ்வளவு வேகமா ஆறுதுன்னு காட்டுற மாறிலி. 94ஐ 100 ஆக்கினா அந்த ஒரு புள்ளி கோட்ட விட்டு வெலகி நிக்கும், யாரு கண்ணுக்கும் படும். இன்னொன்னு, டவுன்ல போட்டோக்கொப்பி கறுப்பு வெள்ளைதான். செவப்பு கோடும் நீல கோடும் ஒரே சாம்பல் ஆகிரும், அதனால வட்டம், பெருக்கல்னு குறி மாத்துங்க, அச்சுல அலகையும் எழுதுங்க.

ஹட்டன்காரன்:
அக்கா சொல்றத ஏத்துக்கிறேன், நேர்கோட்டு வரைப முதல்ல குரூப்புக்கு அனுப்பிட்டுத்தான் மத்தது. ஆனா அஞ்சு பேரும் கையால கீறணும்ங்கிறத இன்னும் ஒத்துக்கல்ல. வாசிப்பு எடுத்த ஆள்ல ஒருத்தராவது வரைபு கீறுறவர் பக்கத்துல இருக்கணும், அது போதும்.

நானுஓயா புள்ள:
பக்கத்துல இருக்கிறவரு கையில பென்சில் இருந்தா சரி அண்ணே. நாளைக்கு திரும்ப அளக்கப்போறோம், இந்த தடவ காய்ச்சல் சுகமான அவரையே வெப்பமானி புடிக்க வைக்கிறோம், 94ஐ அவரே பாக்கட்டும்.