பிஎச்டி தீசிஸ்: "இதுல கேள்வி எங்க இருக்கு"ன்னு கமிட்டில கேட்டுட்டாங்க, ஹெல்ப் ப்ளீஸ்

நூல்கண்டு

எல்லாருக்கும் வணக்கம். எகனாமிக்ஸ்ல பார்ட் டைம் பிஎச்டி பண்ணிட்டிருக்கேன், கோர்ஸ் ஒர்க் முடிஞ்சாச்சு. டாபிக்: "திருப்பூர் மாவட்டப் பின்னலாடைத் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை, ஓர் ஆய்வு". போன டிசி (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங்ல வெளில இருந்து வந்த மெம்பர் "இதுல கேள்வி எங்கம்மா"ன்னு கேட்டார். நான் அப்ஜெக்டிவ்ஸ் அஞ்சையும் வாசிச்சேன், "இதெல்லாம் நீ செய்யப்போற வேலை, கேள்வியச் சொல்லு"ன்னுட்டார். கைடு கிட்ட போனா ஷோத்கங்கால (இந்திய பிஎச்டி தீசிஸ் எல்லாம் ஏத்தற வெப்சைட்) இதே மாதிரி தீசிஸ் நாலு இருக்கும், பாத்து அப்படியே அமைப்ப வெச்சுக்கோங்கறார். பாத்தேன், முன்னுரை, ரிவ்யூ, ஆய்வுப் பகுதியோட ப்ரொஃபைல், டேபிள் டேபிளா அனாலிசிஸ், கடைசில "அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்". எல்லாம் ஒரே அச்சு. சாம்பிள் 384, கேள்வித்தாள் ரெடி, எஸ்பிஎஸ்எஸ்ங்கற ஸ்டாடிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேரும் கத்துக்கிட்டேன். இப்ப எதை மாத்தணும்னே புரியல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பனியன்காரன்

வணக்கம்ங்க, நம்ம ஊரு டாபிக், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

அந்த மெம்பர் உங்களுக்கு நல்லதுதான் பண்ணிருக்கார். "சமூகப் பொருளாதார நிலை"ன்னு வெச்சா என்ன கண்டுபிடிச்சாலும் அது சரியாத்தான் இருக்கும். இத்தனை பேர் வாடகை வீடு, இத்தனை பேருக்கு கடன், இத்தனை பேர் பத்தாவது, அவ்ளோதான் முடிஞ்சுது. நீங்க நினைச்சது தப்புன்னு டேட்டா சொல்றதுக்கு அதுல வழியே இல்ல, அப்படி வழி இருந்தாதான் அது கேள்வி.

ஒண்ணு சொல்றேன், புடிச்சா எடுத்துக்கோங்க. 2025 ஆகஸ்ட் கடைசில அமெரிக்கா நம்ம சரக்கு மேல வரிய 50 சதவீதம் ஆக்குச்சில்ல, அப்ப எக்ஸ்போர்ட் கம்பெனிகள்ல ஆர்டர் நின்னு போச்சு, ஹோல்டு ஆச்சு. ஆனா காதர்பேட்டை மாதிரி உள்நாட்டு மார்க்கெட்டுக்கு ஜட்டி பனியன் தைக்கிற யூனிட்டுக்கு அந்த அடி நேரா படல. ஒரே ஊரு, ஒரே ஓவர்லாக் மெஷின், ஒரே மாதிரி டைலர், ஒரு பக்கம் மட்டும் அடி. இப்ப கேளுங்க: ஆர்டர் கொறஞ்சப்ப முதலாளி ஆளக் கொறச்சாரா, ஷிஃப்ட்டக் கொறச்சாரா, இல்ல ரேட்டக் கொறச்சாரா? ஷிஃப்ட் கூலிக்காரங்களுக்கு ஒரு மாதிரியும் பீஸ் ரேட்காரங்களுக்கு (தைக்கிற எண்ணிக்கைக்குக் கூலி) வேற மாதிரியும் ஆச்சா? பெண்கள், வெளிமாநிலத்துக்காரங்க, உள்ளூர் ஆளுங்க, இதுல யார முதல்ல வீட்டுக்கு அனுப்பினாங்க? இதுக்கு என்ன பதில் வரும்னு இப்பவே எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அப்ப ஆராய்ச்சி பண்றதுல ஒரு அர்த்தம் இருக்கு.

இன்னொண்ணு, "உங்கள் மாத வருமானம் எவ்வளவு"ங்கற கேள்வியத் தூக்கிருங்க. இங்க சம்பளம் சனிக்கிழமை சனிக்கிழமை. மாசக் கணக்கு கேட்டா ஏதோ ஒரு ரவுண்டு நம்பர் சொல்லிட்டுப் போயிருவாங்க. போன வாரம் எத்தனை ஷிஃப்ட், ஷிஃப்ட்டுக்கு என்ன ரேட், ஒன்றரை ஷிஃப்ட் எத்தனை நாள் பாத்தீங்க, அட்வான்ஸ் எவ்ளோ புடிச்சாங்கன்னு கேளுங்க, வருமானத்த நீங்களே போட்டுக்கலாம்.

ஸ்டாடிஸ்டிக்ஸ்_வாத்தி

384 பாத்ததும் சிரிப்பு வந்துருச்சு, தப்பா எடுத்துக்காதீங்க, தமிழ்நாட்டுல பாதி தீசிஸ்ல இந்த நம்பர்தான். இது எங்கிருந்து வருதுன்னா, 95 சதவீத கான்ஃபிடன்ஸ், 5 சதவீத பிழை, விகிதம் 0.5ன்னு வெச்சு பெரிய மக்கள்தொகைல இருந்து சிம்பிள் ரேண்டமா எடுத்தா வர்ற எண்ணிக்கை. ரேண்டமா எடுக்கணும்னா மொத்தத் தொழிலாளர் பேரும் இருக்கற லிஸ்ட் வேணும், அது உங்ககிட்ட இருக்கா? இல்லாம தெரிஞ்ச கம்பெனில போய் கிடைச்சவங்கள புடிச்சுட்டு 384ன்னு எழுதினா வைவால (கடைசி வாய்மொழித் தேர்வு) முதல் கேள்வியே இதுதான். மெதடாலஜில "கன்வீனியன்ஸ் சாம்பிளிங்"னு ஒரு வரி, அடுத்த பாராவுல இந்த ஃபார்முலா, ரெண்டும் ஒரே பக்கத்துல உக்காந்திருக்கும், கண்ணுல படாம போகாது.

பனியன்காரன் சொன்ன ஐடியா நல்லாருக்கு, எக்ஸ்போர்ட் ஒரு குரூப், உள்நாடு ஒரு குரூப், வரிக்கு முன்ன பின்னன்னு ஒப்பிடலாம், டிஃப் இன் டிஃப் தான், அதாவது ரெண்டு குரூப்லயும் வந்த மாற்றத்த ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடறது. ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு. எக்ஸ்போர்ட்ல வேலை போனவங்க நேரா உள்நாட்டு யூனிட்டுக்குத்தான போயிருப்பாங்க? அப்ப அங்கயும் கூலி இறங்கிருக்கலாம், உங்க ஒப்பீட்டுக் குரூப்பும் அடிவாங்கிருச்சு. ரெண்டாவது, ஆகஸ்ட்டுக்கு முன்ன எவ்ளோ வாங்கினீங்கன்னு இப்ப கேட்டா யாருக்கு ஞாபகம் இருக்கும்.

அப்புறம் கேரட் ரேங்கிங் (பதில்கள வரிசைப்படுத்தற முறை), எல்லா டேபிளுக்கும் கை ஸ்கொயர் (ரெண்டு விஷயத்துக்கு தொடர்பு இருக்கான்னு பாக்கற டெஸ்ட்), இதெல்லாம் கேள்விக்குத் தேவைப்பட்டா மட்டும் போடுங்க.

மாவட்டம்னு டைட்டில்ல இருக்கறதால இதையும் சொல்லிடறேன். திருப்பூர் மாவட்டமே 2009ல தான் கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்கள்ல இருந்து பிரிஞ்சுது. 2001 சென்சஸ்ல கோயம்புத்தூர் நம்பரும் 2011ல திருப்பூர் நம்பரும் எடுத்து பக்கத்துல பக்கத்துல வெச்சு "வளர்ச்சி"ன்னு எழுதிடாதீங்க, தாலுகா வாரியா கூட்டித்தான் ஒப்பிடணும்.

பனியன்காரன்

@ஸ்டாடிஸ்டிக்ஸ்_வாத்தி ஓட்டை உண்மைதான் சார். ஆனா ஆள் இடம் மாறினதே ஒரு சாப்டருக்கு மேட்டர், யார் மாறினாங்க, மாறி எவ்ளோ கம்மிக்கு ஒத்துக்கிட்டாங்கன்னு. ஞாபகத்துக்கு, பிஎஃப் இருக்கறவங்ககிட்ட ஃபோன்ல பாஸ்புக்க காட்டச் சொல்லலாம், மாசா மாசம் எந்தச் சம்பளத்துக்குப் புடிச்சாங்கன்னு அதுல இருக்கும். பிஎஃப் இல்லாதவங்க விட்டுப்போவாங்க, முழு சம்பளத்துக்கும் புடிச்சிருக்க மாட்டாங்க, அதையும் ஒளிக்காம எழுதிரணும்.

அடையாறு_ஆலமரம்

ரிவ்யூ பத்தி யாரும் பேசலயே. "ராமு (2015) ஆய்வு செய்தார், சோமு (2017) கண்டறிந்தார்"னு பாரா பாராவா அடுக்கினா அது ரிவ்யூ இல்ல, லிஸ்ட். ஆள் வாரியா எழுதாம சண்டை வாரியா எழுதுங்க. வெளிமாநிலத் தொழிலாளர் வந்ததால உள்ளூர் கூலி இறங்குச்சுன்னு ஒரு கட்சி, இல்ல உள்ளூர் ஆளுங்க விட்டுப்போன வேலைக்குத்தான் அவங்க வந்தாங்கன்னு ஒரு கட்சி இருந்தா, யாரு எந்த டேட்டா வெச்சுப் பேசறாங்க, உங்க ஆய்வு எந்தப் பக்கம் சாட்சி சொல்லும்னு எழுதுங்க. "இந்த வட்டாரத்தில் இதுவரை யாரும் ஆய்வு செய்யவில்லை"ங்கறத தயவுசெஞ்சு ரிசர்ச் கேப்னு போடாதீங்க. யாரும் பண்ணாததுக்கு தேவையில்லாததும் காரணமா இருக்கலாம். சென்னை வந்தா அடையாறுல எம்ஐடிஎஸ் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெவலப்மென்ட் ஸ்டடீஸ்) லைப்ரரிக்கு ஒரு நடை போங்க, திருப்பூர் பத்தி தொண்ணூறுகள்ல இருந்தே அங்க ஒர்க் நடந்திருக்கு.

உங்க கைடு சொன்ன "அதே அமைப்பு" விஷயத்துல உஷாரு. யுஜிசியோட 2018 விதிப்படி ஒப்புமை (மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போற அளவு) 10 சதவீதம் வரை பிரச்சனை இல்ல, 10ல இருந்து 40 வரைன்னா ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் குடுக்கணும், 40ல இருந்து 60ன்னா ஒரு வருஷத்துக்கு சப்மிட் பண்ண முடியாது, அதுக்கு மேல போனா ரெஜிஸ்ட்ரேஷனே ரத்து. மேற்கோள் காட்டி எழுதினது, பிப்ளியோகிராஃபி இதெல்லாம் கணக்குல வராது. மாட்டிக்கறது பெரும்பாலும் அந்த "ஆய்வுப் பகுதி ப்ரொஃபைல்" சாப்டர்லதான், மாவட்ட வெப்சைட்ல இருந்து அப்படியே எடுத்து ஒட்டிருப்பாங்க. உங்க கேள்விக்கு மழை அளவு தேவையா? சாயப்பட்டறைகள 2011ல ஐகோர்ட்டு மூடச் சொன்னது வேணும்னா தேவைப்படலாம், ஏன்னா இதே ஊரு இதுக்கு முன்ன ஒரு அடிய எப்படி தாங்குச்சுங்கறது அதுல தெரியும். மத்ததெல்லாம் ரெண்டு பக்கத்துல முடிச்சிருங்க.

நூல்கண்டு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு தடவ படிச்சேன். இப்படி எழுதிருக்கேன் பாருங்க: "2025 வரி உயர்வுக்குப் பின் திருப்பூர் ஏற்றுமதி யூனிட்களில் சுமை ஆட்குறைப்பாக இறங்கியதா, ஷிஃப்ட் குறைப்பாக இறங்கியதா, யார் மீது இறங்கியது?" அஞ்சு அப்ஜெக்டிவ்ல மூணு தானா கழண்டுருச்சு. டைட்டில் மாத்த முடியுமா, டைம் பத்துமா, குழந்தை வேற சின்னது.

அடையாறு_ஆலமரம்

கேள்வி இப்ப கேள்வி மாதிரி இருக்கு. டைட்டில் மாத்தறது உங்க யூனிவர்சிட்டி ரெகுலேஷன்ல எப்படின்னு பாருங்க, சினாப்சிஸ் (தீசிஸ் சுருக்கம்) குடுக்கறதுக்கு முன்னாடியே டிசில வெச்சு மினிட்ஸ்ல ஏத்திருங்க, வாய்மொழியா விட்டுடாதீங்க. 2022 யுஜிசி விதில ஆறு வருஷம், ரீ-ரெஜிஸ்டர் பண்ணா இன்னும் ரெண்டு வருஷம், பெண்களுக்கு அதுக்கும் மேல கூடுதலா ரெண்டு வருஷம் கேக்கலாம், குழந்தைக்காக 240 நாள் வரை லீவும் உண்டு. ஆஃபீஸ்ல தெரியாதுன்னு சொன்னா விதியப் பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க.

பனியன்காரன்

கம்பெனிக்குள்ள போய் பேட்டி எடுக்காதீங்க, பக்கத்துல எச்ஆர் நின்னுட்டே இருப்பாரு, எல்லாரும் "நல்லா இருக்கோம்"னு சொல்லிருவாங்க. ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேல லைன் வீட்டுப்பக்கம் போங்க. ஒடிசா, பீகார் பசங்களுக்கு அவங்க பாஷை தெரிஞ்ச ஒருத்தர கூட்டிட்டுப் போங்க, அது சூப்பர்வைசரா மட்டும் இருக்கக்கூடாது. முதல்ல பத்து பேர்கிட்ட ட்ரையல் பாத்துட்டு கேள்வித்தாள இங்க போடுங்க, வாத்தி சார் கிழிச்சுக் குடுப்பார்.