சீசா பலகைக்குப் பயந்த செம்பி: அஜிலிட்டி பழக ஆரம்பித்த அனுபவங்கள்

செம்பியின் அம்மா:

என் நாய் செம்பிக்கு இரண்டு வயதானபோது, நாய்கள் தடைகளைக் கடந்து ஓடும் விளையாட்டான அஜிலிட்டி வகுப்பில் சேர்த்தேன். எதையும் தாண்டுவாள், எங்கேயும் ஏறுவாள், அதனால் இவளுக்குச் சுலபமாக வந்துவிடும் என்று நம்பினேன். முதல் நாள் தடைகள் பக்கமே விடவில்லை. என் உள்ளங்கையை மூக்கால் தொடுவது, காத்திருப்பது, கயிறு இல்லாமல் என்னோடு ஓடுவது, கூப்பிட்டதும் திரும்பி வருவது, இவ்வளவுதான். கடைசியில் தரையில் கிடந்த ஒரு கம்பைத் தாண்டினாள்.

அடுத்த வாரம் டனல், அதாவது நாய் உள்ளே நுழைந்து ஓடும் குழாய். அதைச் சுருக்கி வைத்து, பயிற்சியாளர் அக்கா ஒரு முனையில் அவளைப் பிடித்துக்கொள்ள, என் முகம் தெரியும்படி மறுமுனையில் உட்கார்ந்து கூப்பிட்டேன். மூன்றாவது தடவை தானாகவே பாய்ந்து வந்தாள்.

தப்பு செய்தது சீசா பலகையில்தான். நான்காவது வாரம், மற்ற நாய்கள் ஏறுவதைப் பார்த்து எனக்கு அவசரம். மூக்குக்கு முன்னால் ட்ரீட்டைக் காட்டிக்கொண்டே மேலே கூட்டிப் போனேன். தின்பண்டத்தின் மேலேயே கண்ணாக இருந்தவள், பலகை சாயப்போவதை உணரவே இல்லை. திடீரென்று கீழே இறங்கி 'டமார்' என்று தரையில் அடித்தது. குதித்து ஓடி நாற்காலிக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் ஏ-ஃப்ரேம் (கூரை போலச் சாய்த்து வைத்த இரண்டு பலகைகள்) பக்கம்கூட வரவில்லை. அதுவும் பலகைதானே! அன்று எனக்கு மனசு கேட்கவில்லை.

அக்கா சொன்னபடி, பயத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். ஆடுவது ஒன்று, சத்தம் ஒன்று. ஆட்டத்துக்கு, வீட்டில் ஒரு பலகையைத் தரையில் கிடத்தி, ஒரு கால் வைத்தாலும் ட்ரீட் கொடுத்தேன். பிறகு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்ததும் பலகை லேசாக ஆடியது. சத்தத்துக்கு, தூரத்தில் ஒருவர் பலகையை மெதுவாகத் தட்டுவார், உடனே நான் ட்ரீட் கொடுப்பேன். முதலில் சத்தம், பிறகுதான் தீனி. வரிசை மாறினால், தீனியைக் கண்டாலே சத்தம் வரப்போகிறது என்று பயப்பட ஆரம்பித்துவிடும். வகுப்பில், சீசாவின் மேலே நிற்கும் முனைக்கு அடியில் முட்டுக் கொடுத்து, கொஞ்சம்தான் இறங்கும்படி செய்தோம். முன்னங்கால்களால் அவளே அதை அழுத்தித் தட்டப் பழகினாள். சத்தம் தன் கட்டுப்பாட்டுக்கு வந்ததும் வாலாட்டம் திரும்பி வந்தது. முழுப் பலகையையும் கடக்க ஏழு வாரம் ஆயிற்று.

நான் பழக வேண்டியது இன்னொன்றும் இருந்தது. 1978-இல் லண்டனில் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகள் தடை தாண்டும் போட்டியின் சாயலில் காட்டியதுதான் இந்த விளையாட்டின் தொடக்கம். குதிரைக்காவது கடிவாளம் உண்டு. இங்கே போட்டியில் நாயைத் தொடவே கூடாது. நம் தோளும் பாதமும்தான் அதற்கு வழி சொல்ல வேண்டும். வாய் 'டனல்' என்று சொல்ல, என் பாதம் கம்பைப் பார்த்துத் திரும்பியிருந்தால் செம்பி கம்புக்குத்தான் போவாள். இப்போதெல்லாம் முதலில் நான் மட்டும் தனியாக அந்தப் பாதையில் நடந்து பார்த்துவிடுகிறேன்.

டாமியின் அண்ணன்:

அக்கா, ஏழு வாரம் பொறுத்தீர்களே, அதுதான் பெரிய விஷயம். எங்களுக்கு வேறு மாதிரி காத்திருப்பு. டாமி பெரிய இனம், சேர்க்கப் போனபோது எட்டு மாதம். எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடவில்லை, பெரிய நாய்களுக்கு அது ஒன்றரை வயது வரை போகலாம், அதற்குள் உயரமாகக் குதிக்க வைக்காதீர்கள் என்றார் கால்நடை மருத்துவர். எஃப்.சி.ஐ. (பன்னாட்டு நாய்க் கூட்டமைப்பு) போட்டிகளிலும் 18 மாதம் ஆகாமல் இறங்க முடியாது.

அந்த மாதங்களைச் சும்மா விடவில்லை. ஏணியைத் தரையில் கிடத்தி, படிகளுக்கு நடுவே நடக்க வைத்தேன். பின்னோக்கி நடக்கவும், ஒரு வாளியைச் சுற்றி வரவும் பழக்கினேன். பல நாய்களுக்குத் தன் பின்னங்கால் எங்கே இருக்கிறது என்ற கவனமே கிடையாது, முன்னங்கால் போன இடத்துக்கு அது பின்னால் வரும், அவ்வளவுதான். ஏ-ஃப்ரேமின் கீழ் முனையில் வேறு நிறம் பூசிய பகுதியில் கால் பட்டே இறங்க வேண்டும். முன்னங்கால் தரையிலும் பின்னங்கால் பலகையிலுமாக நிற்பது டாமிக்கு இரண்டே நாளில் வந்துவிட்டது. ஏணிக்குத்தான் நன்றி.

மணியின் அப்பா:

வீவ் கம்பங்களைப் பற்றி, அதாவது நாய் வளைந்து வளைந்து புகுந்து போகும் கம்ப வரிசையைப் பற்றி, யாரும் சொல்லவில்லையே. முதல் கம்பம் எப்போதும் நாயின் இடது தோள் பக்கம் இருக்கும்படி நுழைய வேண்டும். நாங்கள் கம்பங்களை இரண்டு வரிசையாக, நடுவில் சந்து விட்டு நட்டோம். மணி நேராக ஓடினான். சில நாளுக்கு ஒருமுறை சந்தைக் கொஞ்சம் குறுக்கினோம். உடம்பை வளைப்பது தானாக வந்தது. முதுகுக்கு வேலை அதிகம் என்பதால் ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் விடுவதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். நடுவில் திடீரென்று தரையை மோந்துகொண்டே நின்றுவிடுவான், அல்லது மைதானத்தைச் சுற்றி ஓடுவான். சேட்டை என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன், இன்னும் அதிகமாயிற்று. குழப்பத்தில்தான் அப்படிச் செய்கிறான் என்று இப்போது புரிகிறது. அவனுக்கு நன்றாகத் தெரிந்த, தாண்டும் கம்பு ஒன்றுக்குத் திரும்பிப் போய், அதைத் தாண்டியதும் நிறுத்திவிடுகிறேன். உங்கள் பிள்ளைகளும் இப்படிச் செய்ததுண்டா?

செம்பியின் அம்மா:

உண்டு அண்ணா. சீசாவுக்கு முந்தைய வாரம் முழுக்கத் தரையைத்தான் மோந்துகொண்டிருந்தாள். நான் கவனிக்கவில்லை.