ராத்திரி தூக்கிவெச்ச டிரைவ் காலையில இறங்கிக் கிடந்தா…

ராயபுரம் மெக்கானிக்:

காசிமேட்டுல ஸ்டெர்ன் டிரைவ் போட்டை விரல் விட்டு எண்ணிடலாம். அதுல இன்ஜின் உள்ளே, புரொப்பல்லர் இருக்கிற டிரைவ் மட்டும் வெளியில பின்பலகையில தொங்கும். மத்ததெல்லாம் பெரிய லாஞ்சுன்னா உள்ளே இன்ஜினும் ஷாஃப்ட்டும், சின்ன பைபர் போட்டுன்னா வெளியில மாட்டுற அவுட்போர்டு இன்ஜின். அதனால ட்ரிம் சமாசாரம், அதாவது பம்பு எண்ணெயை சிலிண்டருக்குத் தள்ளி டிரைவைத் தூக்கி இறக்குற ஏற்பாடு, தெரிஞ்ச ஆளும் கம்மி. நானே டீசல் மெக்கானிக்குதான், சர்வே வேலைக்குப் போற போட்டு ஒண்ணு கைக்கு வந்ததால கத்துக்கிட்டேன்.

சாயந்திரம் டிரைவை முழுசா தூக்கிவெச்சுட்டு வீட்டுக்குப் போவோம். காலையில பாதி தண்ணிக்குள்ள கிடக்கும். எனக்கு முன்னாடி பார்த்தவங்க "பம்பு போச்சு"ன்னு புதுசு மாட்டி காசு வாங்கிட்டாங்க. ரெண்டே வாரம், பழைய குருடி கதவைத் திறடி.

எங்கேயாவது ஒழுகினா தண்ணி மேல எண்ணெய் மினுக்கும்பாங்க. நம்ம ஹார்பர் தண்ணி எப்ப மினுக்காம இருந்திருக்கு? அதான் யாருக்கும் சந்தேகமே வரலை. பம்பு டேங்க்குல மார்க்கரால ஒரு கோடு போட்டேன். டிரைவை முழுசா இறக்கிட்டுத்தான் பார்க்கணும், தூக்கியிருந்தா எண்ணெய் சிலிண்டருக்குள்ள போயிருக்கும், கணக்கு தப்பும். நாலு நாள்ல ஒரு விரக்கடை குறைஞ்சுது. எண்ணெய் வெளியில போகுது, அவ்ளோதான்.

ஏப்ரல் 15-ல மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிச்சா 61 நாளைக்கு வெல்டர், பெயிண்டர் ஒருத்தரும் கையில சிக்க மாட்டாங்க. அதனால மார்ச்லயே போட்டை கரை மேல ஏத்திட்டோம். ரெண்டு சிலிண்டர் ராடும் பளபளன்னு இருக்கு, ரப்பர் ஹோஸ்ல ஒரு வெடிப்பு இல்ல. போட்டோட பின்பலகையில, டிரைவ் மாட்டியிருக்கிற ஹவுசிங்குக்கு அடியில படுத்து, சிப்பி மாதிரி ஒட்டிக்கிட்டிருந்த கொட்டலசைச் சுரண்டினேன். ஹோஸ் முனையில ஒரு வளைஞ்ச இரும்புக் குழாய், பொரிச்ச அப்பளம் மாதிரி துரு. ஸ்க்ரூ டிரைவர் நுனிதான் வெச்சேன், உள்ளே போயிடுச்சு.

கழட்டுறதுதான் பெரும்பாடு. இரும்பு நட்டு அலுமினியத்துல உப்போட சேர்ந்து கல்லாயிடும். சாதா ஸ்பானர் போட்டா மூலை மழுங்கிடும், பைப் நட்டுக்குன்னே இருக்கிற ஸ்பானர் வேணும். ரெண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறவெச்சு, லேசா சூடு காட்டினதும்தான் அசைஞ்சுது. அதுக்கு முன்னாடி டிரைவுக்குக் கட்டை முட்டு கொடுத்து சங்கிலி போட்டுடுங்க. லைனைத் திறந்த நிமிஷம் டிரைவ் மொத்த வெயிட்டோட கீழ வந்துடும்.

எண்ணூர்:

அண்ணே, ஒழுகுற இடத்தைக் கையால தடவிப் பார்க்காதீங்கன்னும் சொல்லுங்க. ஊசி ஓட்டையில பிரஷர்ல வர எண்ணெய் தோலைக் கிழிச்சு உள்ளே போயிடும். வெளியில சின்ன புள்ளிதான் தெரியும், ஆனா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். நான் பழைய அட்டைப்பெட்டியைக் கிழிச்சு எட்ட நீட்டுவேன், அட்டையில கறை விழும்.

திருவொத்தியூர்:

என் கதை வேற. ஒரு பக்க சிலிண்டருக்கு தூக்குற லைனையும் இறக்குற லைனையும் மாத்தி மாட்டிட்டேன். பட்டனை அழுத்தினா ஒரு சிலிண்டர் தள்ளுது, இன்னொண்ணு இழுக்குது, மாமியார் மருமக மாதிரி. டிரைவ் நகரல, பம்பு மட்டும் முனகுது. மறுபடி எல்லாத்தையும் கழட்டினேன். இப்பல்லாம் கழட்டும்போதே கலர் டேப்பு சுத்திடுறது.

மாட்டினதும் லைன்ல நிக்கிற காத்தை எப்படி எடுக்கிறீங்க?

ராயபுரம் மெக்கானிக்:

எண்ணெய் ஊத்திட்டு அஞ்சாறு தடவை முழுசா மேல கீழ ஓட்டினா காத்து தானா டேங்க் வழியா வந்துடும். நடுநடுவுல இறக்கி லெவல் பார்த்து ஊத்துங்க. எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி போயிருக்கு, மொத்தமா மாத்துங்க. எந்த எண்ணெய்ங்கிறது கம்பெனி மேனுவல்படி. அரிப்பைத் தான் வாங்கிக்கிட்டு மத்ததைக் காப்பாத்துற ஜிங்க் கட்டிக்கு மட்டும் யாரும் பெயிண்ட் அடிக்காதீங்க சாமி, அடிச்சா அது வேலையே செய்யாது.

அப்புறம், ஒவ்வொரு தடவை வந்ததும் ஹவுசிங் அடியில நல்ல தண்ணி அடிக்கணும்னு ஓனர்கிட்ட சொன்னேன். "குடிக்கவே லாரிக்கு குடத்தோட நிக்கிறோம், போட்டுக்கு நல்ல தண்ணி கேக்குது பாரு"ன்னார். இப்ப ஏசி தண்ணியை டிரம்ல பிடிச்சு வெச்சு ஊத்துறோம்.