பைத்தான் ஒன்று, பிப் இன்னொன்றுடையது: பதிப்புக் குழப்ப அனுபவங்கள்

பக்கத்து இருக்கை நண்பர், "டெர்மினலே திறக்க மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். கட்டளைகளை அடிக்கும் ஜன்னலைத்தான் சொல்கிறார். அவருடையது உபுண்டு 20.04 என்ற லினக்ஸ். ஐகானை அழுத்தினால் சற்று நேரம் சுற்றும், அப்புறம் சத்தமே இல்லை. பிரவுசர், எடிட்டர் எல்லாம் ஒழுங்காக ஓடின. என்ன மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் மாத்தலை, பைத்தான் 3.9 போட்டு அதையே டீஃபால்ட் ஆக்கினேன்" என்றார்.

அந்த உபுண்டுவில் 'பைத்தான்3' என்றால் 3.8. அது நாம் கோடு எழுதுவதற்கு மட்டும் வைத்தது இல்லை. டெர்மினலைத் திறக்கும் ஜினோம்-டெர்மினல் கோப்பே ஒரு குட்டி பைத்தான் ஸ்கிரிப்ட்தான். ஓடத் தொடங்கியதுமே அது ஜிஐ என்ற மாட்யூலை (துணைத் தொகுப்பை) தேடும். அந்த மாட்யூலின் உள்பாகம் 3.8-க்கென்றே கம்பைல் ஆனது. 'பைத்தான்3' இணைப்பு 3.9 பக்கம் திரும்பிவிட்டதால் ஸ்கிரிப்ட் எழும்போதே விழுந்துவிட்டது. பிழைச் செய்தியைப் படிக்கலாம் என்றால் அதற்கும் டெர்மினல் வேண்டுமே!

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திக் கருப்புத் திரைக்குப் போய் லாகின் செய்தோம். மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் கொடுத்தால் அதுவும் கடைசியில் ஏதோ மாட்யூல் இல்லை என்று புலம்பியது. காரணம் அதேதான். இணைப்பை 3.8-க்கே திருப்பிவிட்டதும் டெர்மினல் திறந்துகொண்டது.

அத்தோடு விட்டதா? நம்பை என்ற கணக்குத் தொகுப்பை நிறுவச் சொன்னால் "ஏற்கெனவே இருக்கிறது" என்கிறது பைத்தான் தொகுப்புகளை நிறுவித் தரும் பிப். புரோகிராமை ஓட்டினால் "நம்பை இல்லை" என்கிறது பைத்தான். இரண்டும் உண்மையைத்தான் சொல்கின்றன. பிப்பிடம் பதிப்பு கேட்டால் வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் தான் எந்தப் பைத்தானுடையது என்பதையும் சொல்லும். அங்கே 3.8 என்று இருந்தது. நண்பர் புரோகிராமை ஓட்டியதோ 3.9-இல். அன்றிலிருந்து வெறும் 'பிப்' என்று அடிக்க நான் யாரையும் விடுவதில்லை. எந்தப் பைத்தானில் ஓட்டப் போகிறோமோ அதன் பெயரை எழுதி, 'மைனஸ் எம் பிப்' என்று சேர்த்தால் இந்தத் தகராறே வராது. 3.9-ஐ முழுப் பெயர் சொல்லி அழைத்து, ப்ராஜெக்டுக்குத் தனியாக ஒரு வெனவ் (அதற்கு மட்டுமான தனிப் பைத்தான் சூழல்) போட்டுக் கொடுத்தேன்.

டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் நேரடியாக எதையும் நிறுவ மறுக்கிறது. பலருக்கு அதில் எரிச்சல். எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

* * *

ஜாவாவிலும் இதே கூத்துதான். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஜேடிகே 17 (ஜாவாவில் எழுதி ஓட்டத் தேவையான கருவித் தொகுப்பு) நிறுவியிருந்தார். டெர்மினலில் பதிப்பு கேட்டால் 17 என்றே வருகிறது. ஜாவா ப்ராஜெக்டைக் கட்டித் தரும் மேவன் மட்டும் "17 செல்லாத டார்கெட்" என்று அடம்பிடித்தது. ஜாவா என்று அடித்தால், டெர்மினலுக்குள் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல், பாத் என்ற ஃபோல்டர் பட்டியலில் வரிசையாகத் தேடும். மேவன் பார்ப்பது, ஜாவா இருக்கும் இடத்தைக் குறித்துவைக்கும் ஜாவா ஹோம் என்ற அமைப்பை. அது இன்னும் பழைய 11-ஐயே காட்டிக்கொண்டிருந்தது. மேவனிடமே பதிப்பு கேட்டால், தான் எந்த ஜாவாவில் ஓடுகிறது, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று இரண்டையும் சொல்லிவிடும். முதலில் அதைக் கேளுங்கள்.

கிளாஸ் ஃபைல் (கம்பைல் ஆன ஜாவா கோப்பு) பதிப்பு 61, இங்கே 55 வரைதான் தெரியும் என்கிற மாதிரி பிழை வந்தால் பயப்பட வேண்டாம். 61 என்றால் ஜாவா 17, 55 என்றால் 11, 52 என்றால் 8. எண்ணிலிருந்து 44-ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு வந்துவிடும்.

* * *

பாஷ் என்ற ஷெல்லைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று. ஒரு கட்டளையை எங்கே கண்டுபிடித்தது என்பதை பாஷ் நினைவில் வைத்துக்கொள்ளும். பாத்தில் ஏற்கெனவே முன்னால் இருக்கும் ஒரு ஃபோல்டரில் புதிய பதிப்பை நிறுவிய பிறகும் அதே ஜன்னலில் பழையதே ஓடினால், 'ஹேஷ் மைனஸ் ஆர்' கொடுத்துப் பாருங்கள். 'டைப் மைனஸ் ஏ' என்று போட்டு பைத்தான் பெயரைக் கொடுத்தால், பாத்தில் இருக்கும் அத்தனையும் வரிசையாக வரும். பதிப்பு எண்ணைப் பார்ப்பதைவிட அந்தப் பட்டியலைப் பார்ப்பதில்தான் பாதிச் சிக்கல் தீரும்.

விண்டோஸில் பைத்தான் என்று அடித்தால் ஸ்டோர் திறக்கிறது என்று புலம்புகிறவர்கள், செட்டிங்ஸில் 'ஆப் எக்ஸிக்யூஷன் அலையஸ்' பகுதிக்குப் போய் பைத்தான் பெயரில் இருப்பவற்றை அணைத்துவிடுங்கள்.

* * *

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமைப்புகளை எழுதிவைக்கும் யாமல் கோப்பில் பைத்தான் பதிப்பை 3.10 என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால், அதை எண்ணாக எடுத்துக்கொண்டு 3.1 ஆக்கிவிடும். என் கணினியில் எல்லாம் சரி, கோடைத் தானாகக் கட்டிப் பார்க்கும் பில்டு சர்வர் மட்டும் 3.1 கிடைக்கவில்லை என்று கத்தியது. 3.9 வரை யாருக்கும் இது தெரிய வாய்ப்பே இல்லை. மேற்கோள் குறி போட்டதும் ஓடியது.