24+24 எஸ்எம்பிஎஸ்: பேஸ் அடிக்கும்போது சத்தம் நின்று போகிறது, உதவுங்கள்

சாலிடர்புகை: வணக்கம். எல்எம்3886 (ஆடியோ ஆம்ப் ஐசி) ஸ்டீரியோ போர்டுக்கு இரண்டு 24 வோல்ட், 6 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்ஸை (ஸ்விட்சிங் பவர் சப்ளை) தொடராக இணைத்து, நடுப்புள்ளியை கிரவுண்டாக வைத்து ±24 வோல்ட் எடுத்திருக்கிறேன். ஸ்பீக்கர் 4 ஓம். போர்டில் பிளஸ், மைனஸ் பக்கத்துக்கு ஆளுக்கு 10,000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். ஸ்விட்ச் போட்டால் சில சமயம் ‘டிக் டிக்’ என்று துடிக்கிறதே தவிர ஆன் ஆவதில்லை. வால்யூம் ஏற்றினால் பேஸ் வரும் இடத்தில் சத்தம் ஒரு நொடி போய்ப் போய் வருகிறது. லேப்டாப்பைச் செருகினால் மெல்லிய ‘ர்ர்ர்’ வேறு. சப்ளை மொத்தம் 288 வாட், ஆம்ப் வெளியே தருவது 100 வாட்கூட இல்லையே?

ஓம்விதி: வாட்டை விடுங்கள், உச்ச ஆம்பியரைப் பாருங்கள். ±24இல் அந்த ஐசி ஏறக்குறைய 20 வோல்ட் உச்சம் தரும். 4 ஓமில் அது 5 ஆம்பியர். பேஸ் பெரும்பாலும் இரண்டு சேனலிலும் ஒன்றாகத்தான் வரும். கிளாஸ் ஏபி (அலையின் மேல்பாதியை பிளஸ் சப்ளையும் கீழ்பாதியை மைனஸ் சப்ளையும் சுமக்கும் வகை) என்பதால் அலை மேலே போகும்போது பிளஸ் பக்கம் மட்டுமே 10 ஆம்பியரைச் சுமக்கும், மைனஸ் சும்மா இருக்கும். சராசரி 3.2 ஆம்பியர்தான், ஆனால் சப்ளையின் பாதுகாப்பு சுற்று சராசரிக்காகக் காத்திருக்காது. டிரான்ஸ்ஃபார்மர் என்றால் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கிச் சமாளித்துவிடும். இது ‘ஷார்ட்’ என்று எண்ணி அணைந்து மறுபடி எழும். ஆன் ஆகாததற்கும் இதேதான் காரணம்: சார்ஜ் இல்லாத கப்பாசிட்டரும் அதற்கு ஷார்ட்தான்.

சாலிடர்புகை: அப்போ கப்பாசிட்டரைக் குறைக்கட்டுமா?

ஓம்விதி: வேண்டாம், பேஸ் உச்சத்தில் உதவுவதே அதுதான். பக்கத்துக்கு ஒரு 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, ஒரு நொடி கழித்து ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) அதை பைபாஸ் செய்யட்டும். தொடக்கக் கரண்ட் 2.4 ஆம்பியரைத் தாண்டாது. அப்புறம் ஒவ்வொரு சப்ளையின் அவுட்புட்டிலும் குறுக்கே ஒரு டயோடு (கரண்டை ஒரே திசையில் விடுவது), அதன் கேத்தோடு (கோடு போட்ட முனை) பிளஸ் பக்கம். ஒன்று அணைந்தால் மற்றது அதைத் தலைகீழாக இழுக்காமல் இருக்க. ஸ்பீக்கருக்கு டிசி பாதுகாப்பு போர்டு (ஆம்ப் அவுட்புட்டில் டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிப்பது) இல்லாமல் இதை ஓட்டாதீர்கள்.

ஈயக்கம்பி: ‘ர்ர்ர்’ருக்கு: சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றால் ஆம்ப் மேல் குற்றமில்லை. சார்ஜர் வழியாக எர்த் லூப்போ (எர்த் இணைப்புகள் வளையமாவது) லீக்கேஜோ (கசியும் கரண்ட்) வருகிறது. இடையில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள், சிலர் சொல்வார்கள். சப்ளை பெட்டியையும் திறக்க வேண்டாம், உள்ளே 325 வோல்ட் டிசி தேங்கியிருக்கும்.

சாலிடர்புகை: ரிலே போட்டாச்சு, முதல் தடவையிலேயே ஆன் ஆகிறது. பேட்டரியில் ‘ர்ர்ர்’ சுத்தமாக இல்லை. வால்யூமை முழுக்க ஏற்றினால் மட்டும் இன்னும் கட் ஆகிறது.

ஓம்விதி: ஒரு சேனலின் இன்புட்டை ஆப்-ஆம்ப் (சிறு சிக்னல் ஆம்ப் ஐசி) வைத்துத் தலைகீழாக்கி, அந்த ஸ்பீக்கரின் வயர்களை மாற்றிப் போடுங்கள். பேஸ் வரும்போது இரண்டு சப்ளையும் ஆளுக்கு 5 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும், 6க்குள் அடங்கிவிடும். அந்த வேலை வேண்டாமென்றால் 8 ஓம் ஸ்பீக்கர் போடுங்கள். 10 ஆம்பியர் 5 ஆகிவிடும், பவரும் பாதியாகும்.

சாலிடர்புகை: ஆப்-ஆம்ப் கையில் இருக்கிறது, அதையே முயல்கிறேன். நன்றி.